ஒருநாள் கிரிக்கெட்டில் துடுப்புக்கும் பந்துக்கும் இடையில் சமநிலை இன்னும் இருக்கிறதா? எதை மாற்றினால் அது திரும்பும்?

இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. எங்கள் கொழும்பில் இருக்கிறது, சில நாட்களில் அளவுக்கு மிஞ்சியும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். குறைந்த ஓட்டங்கள் எடுக்கப்பட்டால் சமநிலை, 350 போனால் சமநிலை இல்லை என்று பலர் பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. 2001 டிசம்பரில் இதே கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் வாஸ் 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்து சிம்பாப்வேயை 38 ஓட்டங்களுக்குள் சுருட்டினார். ஒருநாள் போட்டிகளில் ஒரு பந்துவீச்சாளரின் மிகச் சிறந்த பெறுபேறு இன்றுவரை அதுதான், எங்களுக்குப் பெரிய பெருமை, ஆனால் போட்டி என்று பார்த்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. 2023 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் அதே அடி எங்களுக்குத் திரும்பி வந்தது. கெத்தாராமவில் (கொழும்பின் ஆர். பிரேமதாச மைதானம்), எங்கள் ஆட்களே நிறைந்த இடத்தில், இந்தியாவின் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுக்க நாங்கள் 50 ஓட்டங்களுக்கு எல்லா விக்கெட்டையும் இழந்தோம், இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டுப் போய்விட்டது. டிக்கெட் எடுத்து வந்த சனம் அதற்குப் பிறகு என்ன செய்வது? பந்து ஜெயித்த நாள் என்பதற்காக அதை நல்ல கிரிக்கெட் என்று என்னால் சொல்ல முடியாது.

என் அளவுகோல் வேறு. 25ஆவது ஓவர் நடக்கிறது, இரண்டு துடுப்பாட்ட வீரர்கள் நன்றாகக் காலூன்றி நிற்கிறார்கள், ஓட்டம் ஓவருக்கு ஐந்தரை வீதம் போகிறது. அந்த நேரத்தில் அணித்தலைவர் யாரிடமாவது பந்தைக் கொடுத்து, “இவன் இப்போது ஒரு விக்கெட் எடுப்பான்” என்று உண்மையாகவே நம்ப முடிகிறதா? முடிந்தால் சமநிலை இருக்கிறது. துடுப்பாட்ட வீரர் தானாகத் தவறு செய்யும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை என்றால், ஸ்கோர் 240 ஆக இருந்தாலும் சரி 340 ஆக இருந்தாலும் சரி, சமநிலை இல்லை. 11ஆவது ஓவரிலிருந்து 40ஆவது ஓவர் வரைதான் ஒருநாள் போட்டியின் உயிர் இருக்கிறது. டி20இல் அந்தப் பகுதியே கிடையாது, டெஸ்டில் அதற்கு நேரக் கட்டாயம் கிடையாது. அந்த முப்பது ஓவரில் பந்துவீச்சாளருக்கு வேலை இல்லையென்றால் ஒருநாள் போட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அந்த வேலையை அவரிடமிருந்து பறித்த பெரிய காரணம், என் கணிப்பில், மட்டையின் தடிமனும் அல்ல, எல்லைக்கோட்டின் நீளமும் அல்ல. பந்தைப் பழசாக விடாததுதான்.

2011 அக்டோபரில் ஐ.சி.சி. (சர்வதேச கிரிக்கெட் சபை) ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு புதுப் பந்து என்ற விதியைக் கொண்டுவந்தது, ஒவ்வொரு முனைக்கும் ஒன்று. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. வெள்ளைப் பந்து சீக்கிரம் அழுக்காகும், மின்னொளியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும், மென்மையாகிவிடும். அதனால்தான் அதற்கு முன்பு 2007 முதல் 34ஆவது ஓவர் முடிந்ததும் பந்தைக் கட்டாயமாக மாற்றினார்கள், அப்போதும் பதிலுக்கு வந்தது ஏற்கனவே பாவித்த பந்துதான். இரண்டு பந்து வந்த பிறகு கணக்கே மாறிப்போனது. 50ஆவது ஓவர் வீசப்படும்போதும் ஒவ்வொரு பந்துக்கும் வயது 25 ஓவர்தான். ரிவர்ஸ் ஸ்விங்குக்கு, அதாவது பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவதற்கு, ஒரு பக்கம் சொரசொரப்பாகத் தேய வேண்டும், மறுபக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும். அது தயாராகும் நேரத்துக்குள் இன்னிங்ஸ் முடிந்துவிடுகிறது. 2018இல் டெண்டுல்கர் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார், அத்தனை சதம் அடித்த மனுஷனே பந்துவீச்சாளருக்காகப் பேசினார் என்றால் யோசிக்க வேண்டும். போதாததற்கு, கொவிட் காலத்தில் வந்த எச்சில் தடை 2022 முதல் நிரந்தரமாகிவிட்டது. பளபளப்பை வைத்திருக்க இப்போது வியர்வை மட்டும்தான்.

எங்கள் வேகப்பந்து வீச்சாளர் மாலிங்கவின் இரண்டு நாட்களை எடுத்துப் பாருங்கள். 2007 உலகக் கிண்ணம், கயானாவின் புரொவிடன்ஸ் மைதானம். தென்னாபிரிக்காவுக்கு இலக்கு 210, அவர்கள் 5 விக்கெட்டுக்கு 206, இன்னும் நான்கே ஓட்டங்கள். எல்லாம் முடிந்தது என்று டிவியை நிறுத்தப்போன வேளையில் மாலிங்க அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். பொலொக், ஹோல், கலிஸ், என்டினி. தென்னாபிரிக்கா ஒரே ஒரு விக்கெட் மிச்சத்தில் தப்பிப் பிழைத்தது. அந்தக் காலத்தில் இரு முனைக்கும் ஒரே பந்துதான், அதுவும் அடி வாங்கிப் பழசான பந்து.

அடுத்து 2012 பெப்ரவரி, ஹோபார்ட். நாங்கள் 320 எடுத்திருந்தோம். இந்தியா அதை 40 ஓவருக்குள் எடுத்தால்தான் தொடரில் தாக்குப்பிடிக்கலாம் என்ற நிலை. 36.4 ஓவரில் எடுத்தார்கள், கோலி 86 பந்தில் 133. மாலிங்க 7.4 ஓவரில் 96 ஓட்டங்கள் கொடுத்தார். அதே தோள், அதே யோர்க்கர் (காலடியில் குத்தும் பந்து), ஆனால் கையில் இருந்த பந்துக்குப் பத்தொன்பது ஓவர்கூட ஆகியிருக்கவில்லை. கோலி அன்று ஆடிய ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, பிட்சும் நல்ல பிட்ச்தான். ஆனால் கொஞ்சம் நீளம் பிசகினாலும் புதிதாக, கெட்டியாக இருக்கும் பந்து மட்டையில் பட்டதும் பறக்கிறது. பழைய பந்து அப்படிப் பறக்காது, பிசகிய யோர்க்கருக்குக்கூடக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு.

சுழல் பந்துவீச்சாளரின் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். வார இறுதிகளில் அலுவலக அணிக்காக லெதர் போலில் ஓஃப் ஸ்பின் போடுகிறவன் நான், பெரிய ஆள் இல்லை. புதுப் பந்தின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு மாதிரி மினுக்கம் இருக்கும், கொழும்பு வியர்வையில் அது விரலுக்குள் நிற்காது, ஆள்காட்டி விரலை நன்றாக அழுத்திச் சுழற்றினாலும் பாதி நேரம் வழுக்கி நேராகப் போய்விடும். ஓவர்கள் போகப் போக அந்த மினுக்கம் உரிந்து தோல் தெரிய ஆரம்பிக்கும், தையல் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், பிட்ச் மண் ஒட்டிப் பந்து ஒரு மாதிரிப் பழுப்பாகும். அப்போது விரல் பிடிக்கும், பந்து தரையைக் கவ்வும், துடுப்பாட்ட வீரர் முன்னுக்கு வந்து ஆடுவதா பின்னுக்குப் போவதா என்று யோசிக்கத் தொடங்குவார். அந்த யோசனைதான் எங்களுக்குச் சாப்பாடு. ஒருநாள் போட்டிகளில் முரளி எடுத்த 534 விக்கெட்டுகளின் பெரும்பகுதி ஒற்றைப் பந்துக் காலத்தில் வந்தவை என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் திறமைக்குப் பந்து தேவையில்லை என்பீர்கள், சரி, ஆனால் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கிறவனுக்குத் தேவை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு புதுப் பந்து எல்லா இடத்திலும் கெடுதல் செய்யவில்லை. 2015 உலகக் கிண்ணத்தில் ஒக்லாந்தில் அவுஸ்திரேலியா 151க்கு ஆட்டமிழந்தது, நியூசிலாந்து 9 விக்கெட்டை இழந்து 152 எடுத்து வென்றது, போல்ட் ஐந்து, ஸ்டார்க் ஆறு. பந்து காற்றில் வளையும் ஊரில் இரண்டு புதுப் பந்து என்பது வேகப்பந்து வீச்சாளருக்கு இரட்டை ஆயுதம். அதே தொடரில்தான் கப்டில் 237, கெய்ல் 215 அடித்தார்கள், எங்கள் சங்காவும் தொடர்ந்து நான்கு சதம் அடித்தார், நாங்களும் கைதட்டினோம். வளையாத ஊரில் அந்தப் பந்துகள் வெறும் கெட்டியான பந்துகள், அவ்வளவுதான்.

களத்தடுப்புக் கட்டுப்பாடு இன்னொரு காரணம் என்பார்கள், ஓரளவு சரி. 2012இல் பவர்ப்ளே (வெளியே நிற்பவர்களை இன்னும் குறைக்கும் ஓவர்கள்) இல்லாத ஓவர்களில், பிட்சைச் சுற்றியுள்ள உள்வட்டத்துக்கு வெளியே நிற்கக்கூடியவர்களை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தார்கள், கடைசிப் பத்து ஓவருக்கும் அதே நான்குதான். 2014 நவம்பரில் ஈடன் கார்டனில் எங்களுக்கெதிராக ரோஹித் 264 அடித்தது அந்தக் காலத்தில். 2015 நடுப்பகுதியில் கடைசிப் பத்து ஓவருக்கு மட்டும் ஐந்து பேர் என்று திருத்தினார்கள். நடு ஓவர்களுக்கும் ஐந்தாவது ஆளைத் திருப்பிக் கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியே ஓர் ஆள் கூடினால் பவுண்டரி குறையும், விக்கெட் கூடாது. அணித்தலைவர்கள் எல்லோரையும் பரப்பி நிறுத்திவிட்டு ஓவருக்கு நான்கு சிங்கிள் கொடுத்துக்கொண்டு இருப்பார்கள், அந்த அலுப்பை நாங்கள் ஏற்கனவே பல வருடம் பார்த்தாகிவிட்டது. பந்துவீச்சாளருக்குக் காவல் கொடுப்பது ஒன்று, விக்கெட் எடுக்க ஆயுதம் கொடுப்பது வேறு, இரண்டாவதுதான் வேண்டும்.

இனி எங்கள் ஊர். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஆர். பிரேமதாச மைதானத்தில் நானும் இருந்தேன். நாங்கள் 230, இந்தியாவும் 230. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஓட்டம், கையில் இரண்டு விக்கெட், இரண்டு ஓவருக்கு மேல் மிச்சம், நின்றது துபே, அதற்குச் சற்று முன்தான் பவுண்டரி அடித்தவர். பந்து அசலங்கவிடம். அவர் முழுநேரப் பந்துவீச்சாளர்கூட இல்லை. துபே எல்.பி.டபிள்யூ. அடுத்துவந்த அர்ஷ்தீப் முதல் பந்திலேயே குறுக்கே மட்டையை வீசினார், அவரும் எல்.பி.டபிள்யூ. போட்டி சமன். என் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் முழுப் போட்டியும் வாய் திறக்காமல் இருந்தவர், அந்த இரண்டாவது விக்கெட்டுக்குப் பிறகு யாரென்றே தெரியாத என்னைத் திரும்பிக் கட்டிப்பிடித்தார், பப்பரே வாத்தியக்காரர்களுக்கு எதை வாசிப்பது என்றே தெரியவில்லை. அடுத்த போட்டியில் வாண்டர்சே 33க்கு 6, மூன்றாவதில் வெல்லாலகே 27க்கு 5, இந்தியாவை 138க்குள் மடக்கி 1997க்குப் பிறகு முதல் தடவையாக அவர்களோடு இருதரப்பு ஒருநாள் தொடர் ஒன்றை வென்றோம். அந்த மூன்று போட்டிகளில் இந்தியாவின் 27 விக்கெட்டுகள் சுழலுக்கே போயின. ரோஹித்தும் கோலியும் உள்ள அணி அது.

2025 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவும் அதே பிட்சில் மாட்டியது. முதல் போட்டியில் நாங்கள் எடுத்தது வெறும் 214, அதில் 127 அசலங்கவுடையது, அவர்கள் 165. இரண்டாவதில் 107.

ஆனால் இதில் சந்தோஷப்பட்டுவிட்டு நின்றுவிட முடியாது. இந்த இரண்டு தொடரின் எல்லாப் போட்டியிலும் முதலில் துடுப்பெடுத்தாடியது இலங்கை. கெத்தாராம பிட்ச் மாலை ஆக ஆக மெதுவாகும், பந்து நின்று வரும், சுழல் கூடும், மின்னொளியில் இரண்டாவதாக ஆடுவது பெரிய பாடு. 2023 ஆசியக் கிண்ணத்தில் இதே மைதானத்தில் வெல்லாலகேயும் அசலங்கவும் தீக்ஷனவும் இந்தியாவின் பத்து விக்கெட்டையும் சுழலிலேயே எடுத்து 213க்குள் நிறுத்தினார்கள், இருந்தும் எங்களால் 172தான் எடுக்க முடிந்தது. 2025 ஜூலையில் பங்களாதேஷ் இரண்டாவது போட்டியில் முதலில் ஆடி 248 எடுத்து எங்களை 232இல் நிறுத்தியது. அதாவது எங்கள் பிட்ச் பந்துக்கு உதவுகிறது, ஆனால் இரண்டு அணியின் பந்துக்கும் ஒரே அளவில் உதவவில்லை. நாணயச் சுழற்சி பாதிப் போட்டியைத் தீர்மானித்தால் அதுவும் சமநிலைக் குறைவுதான், எங்களுக்கு வெற்றி கிடைத்தாலும் கூட. இதை இங்கே சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும், “எங்கட பிட்ச், எங்கட பலம், நீ என்ன கதைக்கிறாய் மச்சான்” என்பார்கள். சொந்த மண்ணின் பலம் வேண்டும்தான், பகலிலும் கொஞ்சம் சுழலட்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

பிறகு 2025இன் புது விதி. முதல் 34 ஓவர் வரை பழையபடி இரண்டு பந்து, அதற்குப் பிறகு அந்த இரண்டில் ஒன்றைக் களத்தடுப்பு அணி தேர்ந்தெடுக்க வேண்டும், கடைசி 16 ஓவரும் இரு முனையிலும் அந்த ஒரே பந்து. 2025 ஜூலை 2ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது, அதன்படி ஆடிய முதல் போட்டியும் கொழும்பில்தான், பங்களாதேஷுக்கு எதிராக, அதே கெத்தாராமவில். அன்று அவர்கள் 1 விக்கெட்டுக்கு 100 என்றிருந்து 8 விக்கெட்டுக்கு 105 ஆனார்கள், ஐந்து ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்! ஹசரங்க 10க்கு 4, கமிந்து 19க்கு 3. புது விதியின் பலன் என்று அன்று இரவே பலர் எழுதியதைப் பார்த்தேன், அது தவறு, அந்தச் சரிவு 34ஆவது ஓவருக்கு வெகு முன்னமே நடந்தது. அது பிட்சின் வேலை, கமிந்து, ஹசரங்கவின் வேலை.

விதி நல்ல திசையில் ஓர் அடி, ஆனால் சின்ன அடி. கணக்குப் போடுங்கள்: 34 ஓவர் முடியும்போது ஒவ்வொரு பந்துக்கும் 17 ஓவர் வயது, தேர்ந்தெடுத்த பந்து இன்னிங்ஸ் முடிவில் 33 ஓவரைத் தொடும். முன்பு 25, இப்போது 33. கடைசி ஐந்தாறு ஓவருக்கு உதவும், யோர்க்கர் போடுகிறவனுக்கு உதவும், ஆனால் நான் சொன்ன அந்த நடுப்பகுதிக்கு, 11 முதல் 34 வரை, ஒன்றுமே மாறவில்லை.

நான் கேட்பது இவை. இரண்டாவது பந்தை 34 வரை வைத்திருக்காமல் 20ஆவது ஓவரோடு நிறுத்துங்கள், பிறகு ஒரே பந்து. அப்படியென்றால் கடைசியில் அந்தப் பந்துக்கு 40 ஓவர் ஆகும், 30ஆவது ஓவரில் 20. இடையில் பந்து தெரியாமல் போனால் நடுவர்கள் அதே வயதுள்ள பந்தாக மாற்றட்டும், அது ஏற்கனவே உள்ள வழக்கம்தான்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: ஒரு அணியில் ஒரு பந்துவீச்சாளருக்காவது பன்னிரண்டு ஓவர் கொடுங்கள். நல்ல துடுப்பாட்ட வீரர் ஐம்பது ஓவரும் நிற்கலாம், அவரை யாரும் கேட்பதில்லை. அணியின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் மட்டும் பத்தோடு ஓரமாகப் போய் நிற்க வேண்டும். முரளியின் பத்து ஓவரை விக்கெட் கொடுக்காமல் 35 ஓட்டத்துக்குக் கடத்திவிட்டால் போதும், மிச்சத்தை மற்றவர்களிடம் எடுத்துக்கொள்ளலாம் என்று எதிரணிகள் திட்டம் போட்டு ஆடியதை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஓவர் இருக்கிறது, அது எப்போது வருமென்று தெரியாது என்ற பயம் இருந்தால் அப்படிக் கடத்த முடியாது.

எல்லைக்கோடு பற்றிச் சுருக்கமாக. விதிப்படி குறைந்தபட்சம் 59.43 மீற்றர், கூடியது 82.29. மைதானத்தில் இடமிருந்தும் கயிற்றை உள்ளே இழுத்துப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை, இருக்கும் இடம் முழுவதையும் பாவிக்க வேண்டும். மட்டைக்கு 2017இல் விளிம்பு 40 மில்லிமீற்றர், தடிமன் 67 மில்லிமீற்றர் என்று அளவு வைத்துவிட்டார்கள், அதற்கு மேல் அங்கே சண்டை போட ஒன்றுமில்லை.

240, 250 ஓட்டப் போட்டிக்கு யார் வருவார்கள், சனத்துக்கு சிக்ஸர்தான் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு: 2019 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இரண்டு அணியும் எடுத்தது 241. அதே தொடரில் ஹெடிங்லியில் நாங்கள் 232 எடுத்து இங்கிலாந்தை 212இல் மடக்கினோம், மாலிங்க நான்கு விக்கெட். மாறாக 2023இல் ஹைதராபாத்தில் நாங்கள் 344 எடுத்தோம், குசலும் சதீரவும் சதம் அடித்தார்கள், பாகிஸ்தான் நாலே விக்கெட்டை இழந்து 345 எடுத்தது. உலகக் கிண்ணத்தில் வெற்றிகரமாக எட்டப்பட்ட மிகப் பெரிய இலக்கு அது. மொத்தம் நான்கு சதம் வந்த அந்தப் போட்டியில் எந்தப் பந்துவீச்சாளர் நன்றாகப் போட்டார் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

அடுத்து நீங்கள் ஒரு ஒருநாள் போட்டி பார்க்கும்போது 35ஆவது ஓவர் தொடங்கும் நேரத்தில் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போகாமல் இருங்கள். இரண்டு பந்தில் எதை எடுக்கிறார்கள், அதிகம் தேய்ந்ததையா கெட்டியானதையா, அணித்தலைவர் யாரிடம் கேட்டு முடிவெடுக்கிறார், வேகப்பந்து வீச்சாளரிடமா சுழற்பந்து வீச்சாளரிடமா என்று கவனியுங்கள். இப்போதைக்கு இந்தக் கேள்விக்கான பதில் அங்கேதான் கொஞ்சமாவது தெரியத் தொடங்கியிருக்கிறது.